கணக்குப் பிழை என்று எழுதித் தர மாட்டேன்

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நேற்று பார்த்ததில் என் ரத்த அழுத்தம் அவளுடையதைவிடக் குறைவாக இருந்தது, அதில் அவளுக்குக் கொஞ்சம் வருத்தம்தான். நீயும் உன் வீட்டுக்காரரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன், பாப்பாவுக்குச் சளி விட்டதா என்று எழுது. இதைப் போனிலேயே கேட்கலாமே என்பாய். போனில் நான் ஒரு வரி முடிப்பதற்குள் நீ, அப்பா ரிட்டயர்மென்டுக்கு இன்னும் ரெண்டே வருஷம், வாய மூடிட்டு அவங்க கேக்கறத எழுதிக் குடுத்துட்டு வாங்களேன் என்கிறாய், பின்னாலிருந்து உன் அம்மா, நல்லா சொல்லுடி, நான் சொன்னா உறைக்கல என்கிறாள். கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது.

என்ன நடந்தது என்று உனக்கு முழுதாகத் தெரியாது. எங்கள் அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் வருடத்துக்கு எத்தனை பேர் அடிபட்டு வேலைக்கு வர முடியாமல் போனார்கள் என்று எண்ணி, அதைப் பத்து லட்சத்தால் பெருக்கி, எல்லோரும் வேலை செய்த மொத்த மணிநேரத்தால் வகுத்தால் வருவது விபத்து விகிதம். ஐந்தாம் வகுப்புக் கணக்கு. அதைப் போட்டு ஆய்வாளர் அலுவலகத்துக்கு அனுப்பத்தான் புள்ளியியலில் முதுகலை படித்த என்னைப் பாதுகாப்பு அலுவலர் என்று ஒரு மூலையில் உட்கார வைத்திருக்கிறார்கள். மூன்று வருடமாக அந்த விகிதம் பூஜ்யம், மூன்று வருடமும் கையெழுத்துப் போட்டவன் நான், அதை உன்னிடம் மறைக்கவில்லை. பூஜ்யம் எப்படி வந்தது தெரியுமா? அடிபட்டவன் வந்து வருகைக் கார்டு அடித்துவிட்டால் அது கணக்கில் சேராது. அதனால் கம்பெனி காரை வீட்டுக்கே அனுப்பி அவனைக் கூட்டிவந்து, கார்டு அடிக்க வைத்து, ஸ்டோர் ரூமில் ஃபேனுக்குக் கீழே ஒரு நாற்காலியில் மாலை ஐந்து மணி வரை உட்கார வைப்பார்கள். காரில் வந்து இறங்கி ஒரு வேலையும் செய்யாமல் உட்கார்ந்திருப்பதால் அதற்கு மாப்பிள்ளை நாற்காலி என்று பெயர் (உன் வீட்டுக்காரருக்கு இதைப் படித்துக் காட்டாதே). போகிறவன் வருகிறவன் எல்லாம், என்ன மாப்ள, உபசாரம் பத்தலையா, மூஞ்சி ஏன் இப்படித் தொங்குது என்று கேட்டுவிட்டுப் போவான்.

போன மாதம் அதில் உட்கார்ந்தவன், மீசை என்று நாங்கள் கூப்பிடுகிறவன். பசை ரோலரில் இருபது வருடம் வேலை செய்தவன், நம் வீட்டுக்குக் குழாய் மாட்ட வந்தானே, அவன்தான். ரோலரை ஓட்டிக்கொண்டேதான் துணியால் துடைப்பார்கள், நிறுத்தினால் பசை இறுகிவிடும், மறுபடி சூடேற்ற நாற்பது நிமிஷம் பிடிக்கும். அன்றைக்கு ரோலர் துணியை இழுத்தது, துணியோடு மூன்று விரலையும் இழுத்தது. இரண்டு போய்விட்டது, மூன்றாவது இனி மடங்காது. இரண்டு நாளைச் சொந்த விடுப்பு என்று எழுதிவிட்டு மூன்றாம் நாள் கார் அனுப்பினார்கள். நான் போய்ப் பார்த்தபோது, சார், கைய தொங்கவிட்டா துடிக்குது, தூக்கி வெச்சா தோள் விட்டுப் போகுது, வீட்டுக்குப் போயிடட்டா என்று என்னைக் கேட்டான். நான் போய் மேனேஜரைக் கேட்டேன். மேனேஜர் யார் என்று உனக்குத் தெரியும், என்னிடம் சதவிகிதம் போடக் கற்றுக்கொண்டு எனக்கு வர வேண்டிய அறையில் போய் உட்கார்ந்தவன். அது பதினோரு வருடப் பழைய கதை, நான் மறக்கவில்லை, மறக்கிற உத்தேசமும் இல்லை. அவன் தலையைக்கூட நிமிர்த்தாமல், சும்மா உட்கார்றதுல என்ன சார் கஷ்டம், அஞ்சு மணி வரைக்கும் இருக்கச் சொல்லுங்க என்றான்.

இந்த வருடம் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்களை நான் தனியாக ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தேன். மொத்தம் ஒன்பது பேர், அதில் ஆறு பேர் அதே ரோலர். ஆறு பேரும் துடைக்கும்போது. இதற்கு மூளையைக் கசக்க வேண்டியதே இல்லை, முன்னால் ஒரு கம்பித் தடுப்பு, அழுத்திப் பிடித்தால் மட்டும் ரோலரை மெல்லச் சுற்றவைத்து, கையை எடுத்தவுடன் நிறுத்திவிடும் ஒரு பொத்தான், இரண்டும் இருந்தால் போதும். மீசைக்கு அடிபடுவதற்கு முன்பே இரண்டு முறை கேட்டு எழுதினேன். விபத்து விகிதம் பூஜ்யமாக உள்ள பிரிவுக்குக் கூடுதல் தடுப்பு அவசியமில்லை என்று பதில் வந்தது, ஆதாரமாக மூன்று வருட அறிக்கையும் இணைத்திருந்தார்கள். மூன்றிலும் என் கையெழுத்து. அம்மாடி, என்னை எத்தனையோ பேர் எத்தனையோ விதமாக அவமானப்படுத்தியிருக்கிறார்கள், யார் யார் என்று இன்றும் வரிசையாகச் சொல்வேன், ஆனால் என் கையெழுத்தை வைத்தே என் வாயை அடைத்தது அன்றைக்குத்தான்.

ஆகவே இந்த வருடம் ஒன்பது என்று எழுதினேன், வகுத்தால் பதினொன்று புள்ளி நான்கு வந்தது, மேனேஜர் மேஜைக்குப் போகாமல் நேரே ஆய்வாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன், பழைய மூன்று வருடமும் தவறு என்று ஒரு தாள் சேர்த்து. ஆய்வாளர் வந்து, தடுப்பு போடும் வரை ரோலரை ஓட்டக் கூடாது என்று எழுதிவிட்டுப் போனார். அதிலிருந்து ஓவர்டைம் இல்லாமல் போன கோபத்தில் பசங்களும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள், கான்டீனில் நான் நுழைந்ததும் ஒருத்தன், சார் வராரு, எல்லாரும் விரல எண்ணிப் பாத்துக்கங்கடா என்றான். எண்ணுடா, தினமும் எண்ணு, அதைத்தானே நானும் சொல்கிறேன் என்றேன். மேனேஜர் தன்னைத் தாண்டி அனுப்பியதற்கு என் மேல் ஒரு விசாரணை வைத்தான், பிறகு என்னைக் கூப்பிட்டு, இவ்வளவு பெரிய படிப்பு படிச்சவர் நீங்க, வகுத்தல்ல ஒரு சின்ன பிழை வந்துடுச்சுன்னு ஒரே ஒரு வரி எழுதிக் குடுங்க, விசாரணைய ரத்து பண்ணிடறேன் என்றான். நீ எழுதிக் கொடுக்கச் சொல்வது இந்த ஒரு வரியைத்தான். திருடினேன் என்று எழுதச் சொல்லியிருந்தால்கூட ஒரு நிமிஷம் யோசித்திருப்பேன். எனக்கு வகுக்கத் தெரியாது என்று எழுத மாட்டேன். நாளைக் காலை பத்து மணிக்கு விசாரணை. மீசை சாட்சிக்கு வருகிறான், எனக்குப் பேச வராது சார், கைய தூக்கிக் காட்டினா போதும்ல என்று கேட்டான். தாராளமாகப் போதும் என்றேன்.

இனி எழுதப்போவதுதான் முக்கியம், உட்கார்ந்து படி. நேற்று சாப்பிடும்போது உன் அம்மா என்னை மடக்குவதாக நினைத்துக்கொண்டு, பொண்ணு எவ்வளவு விவரமா இருக்கா பாருங்க, நோயாளிக்குப் போட்ட ஊசி கையில குத்தினப்பகூட வார்டு பேரு கெட்டுடும்னு மூச்சு விடல, நீங்களும் இருக்கீங்களே என்று சொல்லிவிட்டாள். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள், அவளைத் திட்டாதே. நான் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டேன். ஒன்பது பேருக்காக ஊரோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன், அங்கே உன் வார்டும் ஒரு பூஜ்யத்தைக் காட்டிக் கேடயம் வாங்கப் பார்க்கிறது, அந்தப் பூஜ்யத்துக்குள் என் மகள் உட்கார்ந்திருக்கிறாள். மூன்று வாரம்தான் ஆகிறதாம், ரத்தப் பரிசோதனைக்கு இன்னும் நேரம் போய்விடவில்லை, நாளைக்கே போ. ஊசிப் பெட்டி நிரம்பி வழிந்ததா, மூடியைத் திரும்ப மாட்டும்போது குத்தியதா, எந்த நேரம், எத்தனை மணிநேரம் தொடர்ந்து நின்றிருந்தாய், எல்லாவற்றையும் எழுது. நீ எழுதாத ஊசி உன்னோடு நிற்காது, அடுத்த ஷிஃப்டில் வருகிறவளையும் அதே பெட்டி குத்தும். உன் தலைமை நர்ஸ் முகத்தைத் தூக்கினால் தூக்கட்டும், என் மேனேஜர் முகத்தை நான் பார்க்கவில்லையா.

நீயும் உன் வீட்டுக்காரரும் பாப்பாவும் நூறு வயது நோய் நொடியில்லாமல் வாழ வேண்டும், என் மனசார ஆசீர்வாதம். ஆசீர்வாதம் ரத்தப் பரிசோதனை செய்யாது என்பதால் ஆஸ்பத்திரி விபத்துப் பதிவேட்டில் உன் பெயர் ஏறியதும் பதிவு எண்ணை எனக்கு அனுப்பு. எண் மட்டும் போதும், சமாதானம் வேண்டாம். அது வரும்வரை உன் போனை எடுக்க மாட்டேன், அம்மா எடுத்து என் காதில் வைத்தாலும் பேச மாட்டேன்.

உன் அப்பா,
பாதுகாப்பு அலுவலர் (நாளைக் காலை பத்து மணி வரை நிச்சயமாக)