தம்பிக்கு ஏழடி

புஷ்பம்,

ஏரியூரில் கொத்து வேலை, முதல் பஸ்ஸுக்குப் போகிறேன். களி சட்டியில் இருக்கிறது, குழம்பைச் சுடவைத்துக்கொள். அம்மா இண்டூரிலிருந்து சாயங்காலம்தான் வருவாள். பள்ளிக்கூடம் போகும்போது சாவியை ஞானமேரி அத்தையிடம் கொடு.

நேற்று உன்னை அடித்தது தப்பு. நேர் விகிதத்துக்கு உதாரணம் கேட்டால் செத்துப்போன தம்பியையா எழுதுவது என்று கோபம் வந்துவிட்டது. "சூசை ஆறு வயதில் மூன்றரை அடி. இருந்திருந்தால் இப்போது பன்னிரண்டு வயது, ஏழடி" என்று எழுதியிருந்தாய். வாத்தியார் சிவப்பு மையில் அடித்திருக்கிறார். வயது இரட்டித்தால் உயரமும் இரட்டிக்குமா? கணக்கு தப்புதான்.

காலையில் நோட்டை மறுபடி எடுத்துப் பார்த்தேன். என் கண்ணுக்குள் அவன் இன்னும் ஆறு வயசுப் பையனாகவே நிற்கிறான். இத்தனை வருஷம் நான் அவனை ஒரு விரற்கடை வளரவிடவில்லை. நீதான் வளர்த்திருக்கிறாய்.

கன்னம் வீங்கியிருந்தால் விளக்கெண்ணெய் தடவு.

மறந்தேபோனேன். புது வீட்டு வாசல் நிலைக்கு உயரம் கேட்டு பச்சியப்பன் ஆசாரி காலையில் வருவார். ஏழடி என்று சொல். "உங்க வூட்ல யாரு பாப்பா அவ்ளோ உசரம்?" என்று சிரிப்பார். "எங்க சூசை குனியாம வரணும்னு அப்பா சொன்னாங்க" என்று சொல்.