ஐந்தாவது ஃபவுல்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் அக்கா வீட்டுக்காரன் எழுதுவது. கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போட்டுவிடாதே. நீ நலமாக இருக்க வேண்டும் என்று இந்த வீட்டில் தினமும் நினைக்கிறோம். எந்த முகத்தை வைத்துக்கொண்டு எழுதுவது என்றுதான் ஆறு வருடம் போய்விட்டது.

அக்காவுக்கு வரும் புதன்கிழமை கண் ஆபரேஷன். பயப்பட ஒன்றுமில்லை என்கிறார் டாக்டர். அவளும் தைரியமாகத்தான் இருக்கிறாள். ஆனால் கட்டு அவிழ்க்கும்போது தம்பி எதிரில் நிற்பானா என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் கேட்டிருக்கிறாள். என்னிடம் கேட்கவில்லை.

போன வாரம் எங்கள் எக்ஸ்ரே அறைக்கு யார் வந்தது தெரியுமா? உன் இடக்கையன்! கூடைப்பந்தில் அவன் உச்சத்தில் இருந்தபோது, என் நெட்டையன் பெரிய ஆட்டக்காரனா இவன் பெரியவனா என்று, சாப்பிட்ட கை காயும்வரை நீயும் நானும் மல்லுக்கட்டுவோமே, அவனேதான். தலை முழுக்க நரை. முழங்கால் வலியாம். நான்தான் படுக்கவைத்துக் காலை நேராக்கினேன்.

உனக்குச் சொல்லாத ஒன்று இருக்கிறது. அவர்கள் இருவரும் எதிரெதிர் அணியில் ஆடிய அந்த இறுதி ஆட்டத்தில் ஸ்கோர் மேசையில் இருந்தவன் நான் என்பது உனக்குத் தெரியும். நான்கு நிமிடம் மீதி இருக்கும்போது நெட்டையன் பந்தோடு எழும்பி, இடிபட்டு விழுந்தான். நான் அவனையே பார்த்துக்கொண்டிருந்தேன். யார் மேல் ஃபவுல் என்று நடுவர் விரலால் எண் காட்டியதைக் கவனிக்கவில்லை. கேட்க வெட்கப்பட்டு, பக்கத்தில் நின்ற இடக்கையன் பெயரில் குறித்துவிட்டேன். அவனுக்கு அது ஐந்தாவது; ஐந்தானால் ஆட்டத்தை விட்டே வெளியேற வேண்டும். மணியை அடித்தேன். "அண்ணே, அது நான் இல்லண்ணே, நல்லாப் பாருங்க" என்று மேசைக்கே வந்து கெஞ்சினான். நடுவரும் குழம்பிப்போய்த் தாளைப் பார்க்கச் சொன்னார். எழுதியது எழுதியதுதான் என்றேன். அவன் வெளியே உட்கார்ந்தான். அவன் அணி ஒரு புள்ளியில் தோற்றது.

அந்த ஃபவுலை வைத்துத்தான் கடைசிவரை உன் வாயை அடைத்தேன். "பெரிய ஆட்டத்துல பெஞ்சுல உக்காந்தவன் எல்லாம் ஒரு ஆட்டக்காரனா?" என்றேன். அதோடு விட்டேனா? அப்போதுதான் வேலையை விட்டுவிட்டு வந்திருந்த உன்னைப் பார்த்து, "பாதியில எந்திரிச்சு வர்றவனுக்கு அந்த மாதிரி ஆளைத்தான் பிடிக்கும்" என்றேன். நீ தட்டை அப்படியே வைத்துவிட்டுப் போனாய்.

எக்ஸ்ரே எடுத்து முடித்ததும் அவனிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அவன் சிரித்தான். "நெட்டையன்தாண்ணே பெரிய ஆட்டக்காரன், அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. ஆனா அந்த நாலு நிமிஷம் நான் ஆடியிருக்கணும்" என்றான். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு நொண்டியபடி போனான்.

பார்த்தாயா, வாதத்தில் நான்தான் ஜெயித்திருக்கிறேன். இப்படி ஒரு வெற்றி எதிரிக்கும் வேண்டாம்.

அவனுடைய நாலு நிமிடத்தை என்னால் திருப்பித் தர முடியாது. நீயாவது வா மாப்பிள்ளை. பாதியில் எழுந்து போனவன் என்று உன்னைச் சொன்னேனே, எழுப்பிவிட்டவன் நான்தான். புதன்கிழமை காலை எட்டு மணிக்கு அவளை உள்ளே அழைத்துப் போவார்கள். என்னோடு பேசாவிட்டாலும் பரவாயில்லை. வீட்டுக்கு வந்து, ஒரு வேளை முழுதாகச் சாப்பிட்டுவிட்டுப் போ. நீ நூறு வயது நன்றாக இருக்க வேண்டும்.

வாசலைப் பார்த்தபடி,
உன் அக்கா வீட்டுக்காரன்