கடலூரில் வைத்த பூ

தென்காசி
12-12-1961

அன்புள்ள அண்ணனுக்கு,

எல்லாரும் உறங்கிய பிறகு அடுப்படியில் இருந்து எழுதுகிறேன். அய்யா இருமினாலே விளக்கைத் தணித்துவிடுகிறேன்.

கடல் பார்க்கலாம் என்று சொல்லித்தான் என்னைக் கடலூருக்குக் கூட்டிப் போனார்கள். வழியெல்லாம் கரும்பு, காற்றிலும் ஆலைப் பாகின் வாடை. குற்றால அருவிக்குப் பயப்படாத எனக்குக் கடல் பயமாயிருந்தது.

அய்யாவின் சிநேகிதர் வீட்டு அம்மாள் என் கையில் சீனி கொட்டினாள். பிறகு மல்லிகைச் சரத்தை எடுத்தாள். பிரியத்தில் வைக்கிறாள் என்று நானே குனிந்து தலையைக் காட்டினேன். ஆலையில் வேலை பார்க்கும் அவள் மகன் கதவோரம் நின்று சிரித்தான். அவனுக்கு முப்பது வயதிருக்கும்.

திரும்பும் ரயிலில்தான் அம்மை சொன்னாள்: "ஏட்டி, அது நிச்சயப் பூ. தை பத்தாம் தேதி கல்யாணம்."

"எனக்குப் பங்குனியில பரீட்சை இருக்கும்மா."

"பரீட்சை எழுதி கலெக்டராவா ஆகப்போற? ஈன்னு இளிச்சுக்கிட்டு குனிஞ்சது நீதானட்டி! பூ வாங்கிட்டு மாட்டேன்னா ஊரு காறித் துப்பும்."

அண்ணா, நீ சொன்னால்தான் அய்யா கேட்பார். பதில் போடாதே, அவர்தான் பிரித்து வாசிப்பார். தைக்கு முன்னால் நேரில் வா. பட்டாளத்தில் லீவு தர மறுத்தால், தங்கச்சிக்குக் கல்யாணம் என்று சொல். அதற்குக் கட்டாயம் தருவார்கள்.

இப்படிக்கு,
உன் தங்கச்சி