கட்டில் காலுக்கடியில் ஒரு செய்தித்தாள்

என் ராசாத்திக்கு,

நாம் இருவரும் வாய் திறக்காத அந்த விஷயத்துக்காக டாக்டரிடம் போனேன். "கடைசியா எப்ப நல்லா இருந்துச்சு?" என்று கேட்டார். எனக்கு நம் பழைய மாடி அறைதான் ஞாபகம் வந்தது. கட்டில் கிறீச்சிடும், கீழே வீட்டுக்காரர் இருமுவார், நீ சிரிப்பை அடக்கிக்கொண்டு கட்டில் காலுக்கடியில் செய்தித்தாளை மடித்து வைப்பாய்.

டாக்டர் முன்னாலேயே சிரித்துவிட்டேன். "ஆசையெல்லாம் அப்படியேதான் இருக்கு. உடம்பைப் பார்ப்போம்" என்றார். ரத்தம் எடுத்தார்கள். ரத்த ஓட்டம் பார்க்க அந்த இடத்திலேயே ஸ்கேன். என் மானம் கப்பலேறியது.

சர்க்கரைதான் வேலையைக் காட்டியிருக்கிறதாம். அதை அடக்கி, மாத்திரையும் போட்டால் சரிப்படுத்தலாமாம்.

குறட்டை என்று சாக்குச் சொல்லிக் கூடத்தில் படுத்தேனே, உன்மேல் சலிப்பு என்று நினைத்திருப்பாய்.

இன்று நம் கட்டில் காலுக்கடியில் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டேன். நீ மகள் வீட்டில் இருந்தது போதும்.

உன்
குறட்டைக்காரன்