கிணத்துக்கு அடுத்த க்

நவ. 4, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். துணி காயவில்லை. சிலிண்டர் புக் பண்ண வேண்டும் (நேற்றும் இதையேதான் எழுதியிருக்கிறேன்).

மில் முதலாளி கொலை இன்றும் முதல் பக்கம். எங்கள் பேப்பரில் அந்தப் பக்கத்தைத் திருத்துவது நான். கிணத்துக்கடவு தாண்டி ஒரு தென்னந்தோப்புக் கிணற்றில் உடல். தலையில் அடி. அவருடைய டிரைவர் சண்முகம் ரிமாண்டில். தெரிந்தது இவ்வளவுதான். மீதியெல்லாம் ‘கூறப்படுகிறது’. வரிக்கு ஒன்று. யார் கூறியது என்று நிருபரைக் கேட்டேன். “எல்லாரும் சொல்றாங்கக்கா.” அந்த எல்லாரிடமும் போன் நம்பர் வாங்கி வைக்கச் சொன்னேன்.

பஸ்ஸில்:
“சொத்துத் தகராறாமா.”
“அட, பொம்பள விசயமுங்க.”
“டிரைவர் மூஞ்சியப் பாத்தாலே தெரியுதேங்க.”

அந்த மூஞ்சியை நானும் பார்த்திருக்கிறேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. சண்முகத்தின் மனைவி சுமதிதான் எங்கள் தெருமுனையில் மாவுக் கடை வைத்திருக்கிறாள். சாயங்காலமானால் பாத்திரத்தோடு வரிசை நிற்கும். இன்று நான் மட்டும். எதிர்வீட்டம்மா பாக்கெட் மாவுக்கு மாறியாச்சு. விற்காமல் கிடந்து மாவு புளித்திருந்தது. தோசை பரவாயில்லை.

நவ. 5, புதன்

நல்ல மழை. குடை ஆபீசில்.

ஆடியோ வந்துவிட்டது. கொலை நடந்த அன்று சண்முகம் யாரோ நண்பரிடம் போனில் பேசியதாம். குரல் அவனுடையதுதான். எல்லா சேனலிலும் ஓடுகிறது. அடியில் எழுத்து: ‘கிணற்றில் போட்டுவிட்டு வந்துவிட்டேன்.’ விவாதத்தில் ஒருவர், குரலில் துளி வருத்தம் இல்லை பாருங்கள் என்கிறார். சளி பிடித்திருந்தது என்றுதான் எனக்குத் தோன்றியது. அதுவும் ஊகம்தான்.

செ.ஆ. (நம் செய்தி ஆசிரியர், சென்னைக்காரர்) தலைப்போடு வந்தார்: ‘கிணத்துல போட்டேன்’ – டிரைவர் வாக்குமூலம்.

வாக்குமூலம் என்பது கோர்ட் வார்த்தை, வேண்டாம் சார் என்றேன். “அவன் வாயாலயே சொல்றான், இன்னும் என்ன மேடம் வேணும்?”

ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டேன். “மொதலாளிய கெணத்து–” அந்த இடத்தில் ஒரு பஸ் ஹாரன். பிறகு, “–ல உட்டுப்போட்டு வந்துட்டேனுங்க.”

‘உட்டுப்போட்டு’ என்றால் விட்டுவிட்டு. அவ்வளவுதான். நாங்கள் சாப்ட்டுப்போட்டு வருவோம், குளிச்சுப்போட்டு வருவோம். யாரையும் எதிலும் போடுவதில்லை.

அப்புறம் அந்த ஹாரன். அதற்குச் சற்று முன்னால் ஒரு க் இருக்கிறது. கெணத்துக். கிணற்றில் என்று சொல்ல வந்தவன் ‘கெணத்துல’ என்பான், நடுவே க் எங்கிருந்து வரும்? ஆபீசில் என் முதுகுக்குப் பின்னால் ‘ஒற்று அக்கா’ என்பார்கள். ஒரு ஒற்று விட்டுப்போனால் பக்கத்தை நிறுத்திவிடுவேன் என்று. போகட்டும். நான் பொள்ளாச்சிக்காரி. காலேஜுக்குப் போய்வந்த வருஷமெல்லாம் கண்டக்டர் கத்திக் கேட்ட பேர்தான் இது.

கெணத்துக்கடவுல உட்டுப்போட்டு வந்துட்டேனுங்க.

முதலாளியை அங்கே இறக்கிவிட்டு வந்தேன் என்கிறான். லேஅவுட் பார்க்கும் மதுரைக்காரருக்குக் கிணறுதான் கேட்டது. ஈரோட்டுப் போட்டோகிராபர் ஒரு தடவை கேட்டார். “கெணத்துக்கடவுங்க. இதுல என்னங்க சந்தேகம்?”

செ.ஆ. பாதி ஒத்துக்கொண்டார். வாக்குமூலம் போச்சு, தலைப்புக்கு ஒரு கேள்விக்குறி வந்தது. கேள்விக்குறி எனக்குப் பிடிக்காது. சொல்வதையும் சொல்லிவிட்டுக் கை கழுவிக்கொள்கிற குறி. “நீங்க சொல்றத ஒரு பெட்டிச் செய்தியா எழுதுங்க, அப்புறம் பாக்கலாம்” என்றார்.

வீட்டுக்கு வரும்போது சந்தோஷமாக இருந்தது. ரொம்ப நாளாயிற்று.

நவ. 6, வியாழன்

வெயில். துணி காய்ந்தது. சிலிண்டர் புக் பண்ணியாச்சு.

மாவுக் கடை. சுமதியிடம் சொன்னேன். உங்க வீட்டுக்காரர் கிணத்தைச் சொல்லவே இல்லை, கிணத்துக்கடவுன்னுதான் சொல்றார். முதலில் புரியவில்லை. புரிந்ததும் அழுதாள். “நீங்க நல்லா இருக்கோணுங்க்கா. ஒருத்தராவது காது குடுத்துக் கேட்டீங்களே.” பாத்திரம் வழிய வழிய ஊற்றினாள்.

ஊற்றிக்கொண்டிருந்த கை நின்றது.

“கெணத்துக்கடவுங்களா?”

ஆமாம் என்றேன்.

“அன்னிக்குப் பூராவும் பல்லடத்துல தறி ஷெட்டுலயே இருந்தேன்னுதானுங்க எங்கிட்டச் சொன்னாரு. மொதலாளியப் பாக்கவே இல்லைன்னாரு. போலீஸ்லயும் அதையேதானுங்க சொல்லியிருக்காரு.”

எனக்கும் தெரியும். பல்லடம் என்று போலீசில் சொன்ன செய்தியைத் திருத்தியவளே நான்தான். நேற்று ஞாபகமே வரவில்லை. க் கிடைத்த குஷியில் தலைகால் புரியவில்லை. என் மேலேயே எரிச்சல்.

இப்போது கையில் இருப்பது:
கிணற்றில் போட்டேன் என்று சொல்லவில்லை. நிச்சயம்.
பல்லடத்திலேயே இருந்தேன் என்றது பொய். ஆடியோ அன்றையதுதான் என்றால்.
கொன்றானா? தெரியாது.
பயந்துபோய்ப் பொய் சொல்லியிருக்கலாம். இதுவும் ‘கூறப்படுகிறது’ வகைதான். நிறுத்து.

“அக்கா, இதப் பேப்பர்ல போடாம உட்ரலாங்களா?”

போடாவிட்டால் ஊருக்கு அவர் கிணத்துல போட்ட ஆள், போட்டால் பொய் சொன்ன ஆள் என்றேன். வேறு எப்படிச் சொல்வது? “பொய்யி பரவால்லீங்க்கா,” என்றாள். பிறகு, “பரவால்லீங்களா?” என்றாள். அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அதற்காக க் இல்லாமல் போய்விடாது.

நவ. 7, வெள்ளி

மூட்டம். பெய்யவில்லை.

பெட்டிச் செய்தி எழுதினேன். ‘இதைக் கொண்டு கொலை செய்தார் என்றோ செய்யவில்லை என்றோ கூற முடியாது.’ இது கடைசிப் பத்தியில் இருந்தால் விளம்பரம் வந்ததும் வெட்டுவார்கள். முதல் வரியாக வைத்தேன். தலைப்பு: ஆடியோவில் கிணறு இல்லை, கிணத்துக்கடவு. கேள்விக்குறி கிடையாது.

செ.ஆ. படித்தார். முகம் மலர்ந்தது. “அப்ப பல்லடம் பொய்யா? மேடம், இது அதைவிடப் பெரிய நியூஸ் ஆச்சே!” எதிர்பார்த்ததுதான். முதல் வரியை மட்டும் தொடக் கூடாது என்றேன். தொடவில்லை.

பக்கம் அனுப்புகிற நேரத்தில் சுமதி போன்.

“ஏனுங்க்கா, இன்னும் போடலைதானுங்களே? எனக்காக இன்னொருக்காக் கேட்டுப் பாருங்க. நல்லாக் கேளுங்க. பல்லடம்னு ஏதாச்சும் கேக்குதுங்களா?”

இருங்க என்றேன். போனை மேஜையில் வைத்துவிட்டு ஹெட்போனை மாட்டிக்கொண்டேன். பல்லடம் கேட்டால் நன்றாக இருக்கும் என்று நிஜமாகவே ஆசையாக இருந்தது.

கெணத்துக்.