பதினேழு கொப்பியும் கமலத்தின் பிறந்த நாளும்

2006 மே 14, ஞாயிறு

காலையிலிருந்து தூறல். ஹட்டன் போய்க் கல் வெட்டுபவரைப் பார்த்தேன். ஜூலையில் கமலத்துக்குத் தலைத் திவசம், அதற்குள் கல்லறையில் கல் வைக்க வேண்டும். தோற்றம், மறைவு இரண்டு தேதியும் கேட்டார். மறைவை எழுதிக் கொடுத்தேன். தோற்றம் பிறகு தருகிறேன் என்றேன். கட்டியவனுக்குத் தெரியாதா என்பது போல ஒரு பார்வை.

அடையாள அட்டையில் உள்ள தேதி அவளுடையதல்ல. அதிலுள்ள ராமாயி என்ற பேரும் அவளுடையதல்ல. இரண்டு வயதில் இறந்துபோன அக்காளுடையவை. தேயிலைத் தோட்டத்தில் சீக்கிரம் வேலைக்குப் பேர் பதிவதற்காக அக்காளின் பிறப்புச் சான்றிதழைக் கொடுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து சாகும்வரை ஆபீசில், ஆஸ்பத்திரியில், ஓட்டு லிஸ்டில் எல்லாம் ராமாயி. வீட்டில் மட்டும் கமலம். கல்லிலாவது அவள் பேரும் அவள் நாளும் இருக்கட்டும்.

சொந்த நாளை ஒரே ஒரு தடவை என்னிடம் சொன்னாள். பதுளைக்கு ரயிலில் போகும்போது. அடியோடு மறந்துவிட்டேன். வெட்கக்கேடு. ஆனால் என் குறிப்புக் கொப்பியில் எழுதியிருப்பேன். எதைத்தான் எழுதாமல் விட்டேன்.

மே 16

கொப்பிகள் பதினேழு. மழையளவு, பல்வலிக்கு மருந்து, பிள்ளைகள் வகுப்பில் கேட்ட கேள்விகள், பூனை குட்டி போட்டது. பாதியில் தேதியே இல்லை. இரண்டு தரம் புரட்டியாயிற்று, அகப்படவில்லை. என் கையெழுத்து எனக்கே பிடிபடவில்லை, இதற்காகப் பிள்ளைகளைத் திட்டியிருக்கிறேன்.

மாலை சிவநேசன் மாஸ்டர் வந்தார். பள்ளிக்கூடத்தில் என்னோடு படிப்பித்த யாழ்ப்பாணத்துக்காரர். நான் ஓய்வு பெற்றபோது அவருடைய பழைய கம்ப்யூட்டரைத்தான் வாங்கினேன். "ஆயிரம் விஷயம் எழுதி வச்சிருக்கிறியள் மாஸ்டர். வேணுமெண்டதைத் தேடி எடுக்கேலாட்டி என்ன பிரயோசனம்?" என்றார். குறிப்பு எழுதி வைக்க மூன்று விதமான புரோகிராம் ஒரு சீடியில் கொண்டு வந்திருந்தார். எல்லாவற்றையும் அதில் தட்டிவிட்டால் ஒரு சொல்லைப் போட்டதும் எடுத்துத் தருமாம்.

மே 19

மூன்றையும் பார்த்தது:

1. மரக்கிளை போல. ஒவ்வொரு குறிப்புக்கும் எந்தக் கிளை என்று கேட்கிறது. பூனையை எதில் போட? கமலத்தை எதில் போட?
2. மஞ்சள் துண்டுகள். பார்க்க அழகு. தமிழில் அடித்தால் வெறும் கட்டம் கட்டமாக வருகிறது.
3. வெள்ளைப் பக்கம், மேலே தேடும் பெட்டி. தமிழ் எடுக்கிறது.

சி.மா.வுக்கு முதலாவது. தலைப்பில்லாத அறிவு அறிவே இல்லையாம். எனக்கு மூன்றாவது. அரை மணி நேர வாக்குவாதம், தேநீர் ஆறிப்போனது. அவள் போன பிறகு இந்த வீட்டில் இவ்வளவு சத்தம் இன்றைக்குத்தான்.

மே 28

கடும் மழை. கொப்பி 6 முடிந்தது. ஒரு விரலால்தான் தட்டுகிறேன். ஆனால் தட்டும்போது ஒரு வரியும் கண்ணுக்குத் தப்பாது. கரண்ட் போய்ப் பத்துப் பக்கம் அழிந்தது, திரும்பவும் அடித்தேன். "என்னத்தத்தான் அப்படி எழுதுவீங்களோ" என்று கமலம் கேட்பாள். நிமிர்ந்து பதில் சொன்னதாக ஞாபகமில்லை.

ஜூன் 4

பஸ்ஸில் டயகம. அவளுடைய அத்தை ஒருவர்தான் அந்தப் பக்கத்தில் மிச்சம். காது மந்தம், இரண்டு தரம் கேட்க வேண்டியிருந்தது. "அன்னைக்கு நல்ல கொழுந்துங்க மாப்புள. எல்லாரும் மலையில. தேதியெல்லாம் யாரு பாத்தா?" என்றார். மூத்தது போன கவலையில் இவளுக்கு ஒரு மாதம் பேரே வைக்கவில்லையாம். இது எனக்குப் புதுச் செய்தி. வரும் வழியெல்லாம் மனசு சரியில்லை.

ஜூன் 11

கொப்பி 12 வரை உள்ளே போயாயிற்று. தேடும் பெட்டியில் முதல் தரம் கமலம் என்று போட்டேன். பூனை என்றும் போட்டேன். பூனைக்கு முப்பத்தொரு குறிப்பு. அவளுக்கு நான்கு:

கமலம் செருப்பு அளவு 6.
கமலம் கண்ணாடி ஹட்டனில் திருத்தக் கொடுத்தது.
கமலம் சொன்ன கசாயம்: கொத்தமல்லி, சுக்கு, மிளகு.
கமலம் கோபம். காரணம் தெரியாது.

கடைசியைப் பார்த்து அழுதேன். அந்தக் காரணம் இப்போதும் தெரியாது.

ஜூன் 17, சனி

கிடைத்தது. கொப்பி 15, நடுவில். அப்படியே அடித்து வைக்கிறேன்:

"பட்டிப்பொலயில் ரயில் நாற்பது நிமிடம் நின்றது. பனி மூட்டம், மேடையே தெரியவில்லை. வடையில் உப்புக் கூட. எதிர் சீட்காரர் வெலிமடையில் கிழங்கு போடுகிறவர், விதைக்கிழங்கு பற்றிச் சொன்னது பின் பக்கத்தில். கமலம் இன்றைக்குத்தான் தன் சொந்தப் பிறந்த நாளைச் சொன்னாள். இதை எழுதி வைக்க வேண்டியதில்லை, மறக்கிற விஷயமா."

பின் பக்கத்தில் விதைக்கிழங்கு. ஒன்றரைப் பக்கம்.

ஜூன் 18

எதுவும் தட்டவில்லை. சி.மா. வந்தார், கொப்பியைக் காட்டினேன். வாசித்துவிட்டுப் பின் பக்கத்தைப் புரட்டி, விதைக்கிழங்கையும் கடைசி வரை வாசித்தார்.

ஜூன் 20, செவ்வாய்

வெயில். ஹட்டன் போய் எல்லாவற்றையும் சொன்னேன். ராமாயியின் தேதியையே போட்டுவிடலாம், யாருக்குத் தெரியப்போகிறது என்றார் கல் வெட்டுபவர். வேண்டாம் என்றேன். பேர் கமலம். தோற்றம் என்று வெட்டிப் பக்கத்தில் இடம் விடச் சொன்னேன்.

"எவ்வளவு எடம் விடணும் சேர்?"