ஃபிளாஷ் ஓடுவதற்கு ஒரு தேதி

ஜூன் 16, திங்கள்

சாரல். துணி எதுவும் காயவில்லை. காலையிலிருந்து ஒரே வேலை: எங்கள் பேப்பரின் பழைய பக்கங்கள் உள்ள டிஸ்க்கைத் திறப்பது. திறக்கவில்லை.

பத்திரிகையாளர் பென்ஷன் விண்ணப்பத்தில் ஒன்றுதான் குறை. நான் நிருபராக இருந்ததற்கு அச்சில் ஓர் ஆதாரம். வெள்ளிக்குள் வேண்டுமாம். நியமனக் கடிதம் எனக்கு யாரும் தந்ததில்லை. "நாளையிலிருந்து அனுப்புங்க" என்று போனில் சொன்னார்கள், அனுப்பினேன். எங்கள் பத்திரிகையில் செய்திக்கு மேல் பெயர் போடுவது சென்னைக்காரர்களுக்கு மட்டும். மற்றவர்கள் எல்லாரும் "நமது நிருபர்". குற்றாலத்தில் வெள்ளம், அச்சன்புதூரில் யானை, தென்காசியில் தேர், எல்லாவற்றுக்கும் நமது நிருபர்தான் போனார். அவர் யார் என்று இப்போது கேட்கிறார்கள்.

வீட்டிலிருந்த பழைய பேப்பரைக் கரையான் தின்றாயிற்று. மிச்சம், பதிப்பை மூடியபோது ஆளுக்கொன்று தந்த இந்த டிஸ்க். இதில் ஆண்டுமலர் இருக்கும். ஆண்டுமலரில் நிருபர்கள் படம், பெயரோடு.

டிஸ்க்கைப் போட்டால் பிரவுசர் வருகிறது. பக்கம் வர வேண்டிய இடத்தில் சாம்பல் கட்டம். "பிளக்-இன் முடக்கப்பட்டது."

செய்து பார்த்தவை:
– பக்கத்தைக் காட்டும் ஃபிளாஷ் பிளக்-இன்னை நீக்கி மறுபடி போட்டது. அதே கட்டம்.
– ஆட்-ஆன் பட்டியலில் "எப்போதும் இயக்கு". கட்டத்துக்குள் இப்போது ஒரு வட்டம். அவ்வளவுதான்.
– ஜாவா. சம்பந்தமே இல்லை. கோபத்தில் போட்டது.

கோவையிலிருந்து மகள் கவிதா போன். "அந்தக் கம்ப்யூட்டர் டப்பாவ எடைக்குப் போடுங்கப்பா. புதுசு வாங்கித் தரேன்." புதியதில் டிஸ்க் போட வாயே கிடையாது என்றேன். "அப்ப எதுக்குப்பா இந்தப் பென்ஷன்? நான் இல்லையா?"

ஜூன் 17, செவ்வாய்

கம்ப்யூட்டர் சர்வீஸ் மைதீன், கடையநல்லூரிலிருந்து. குற்றாலம் ரோடு முழுக்க சீசன் வேன்கள், அதனால் தாமதம் என்றார். கடையநல்லூரிலிருந்து தென்காசி வருவதற்கும் குற்றாலம் ரோட்டுக்கும் என்ன சம்பந்தமோ.

"அண்ணாச்சி, இத இன்னுமா வச்சிருக்கீய? மியூசியத்துக்காரன் கேட்டா சும்மா குடுத்துராதீய."

"வேலையப் பாரும்வே."

"ஃபிளாஷ் செத்துப் போச்சி அண்ணாச்சி. இன்ன தேதிக்கு மேல ஓடக் கூடாதுன்னு கம்பெனிக்காரன் உள்ளேயே எழுதி வச்சிட்டுப் போயிட்டான். நாம தேதிய மாத்திருவோம். அதுக்கு என்ன தெரியுது?"

நெட் வயரைப் பிடுங்கினார். கணினிக் கடிகாரத்தை 2015க்குக் கொண்டுபோனார். ஏன் 2015? "நான் துபாய்ல ராசாவாட்டம் இருந்த வருசம்லா."

சாம்பல் கட்டம் போய்ப் பக்கம் வந்தது. ஏமாற்றினால்தான் ஓடுகிறது.

ஜூன் 18, புதன்

மழை நல்ல கனம். ஆண்டுமலர் டிஸ்க்கில் இல்லை. இணைப்பு மலர் எதையுமே ஏற்றவில்லை.

வேறு வழியில்லாமல் தென்காசிப் பக்கம் ஒவ்வொன்றாக. என் வரிகள் அத்தனையும் இருக்கின்றன. நான் இல்லை.

மாலையில் 2017 நவம்பருக்கு வந்தேன். அந்த வாரப் பேப்பரை நான் பார்த்ததே இல்லை. வீடு கொள்ளாத ஆட்கள், யார் பேப்பர் பிரித்தது. ஆறாம் பக்கம், ஒற்றைப் பத்தி:

"நமது தென்காசி நிருபர் ச.வேலாயுதத்தின் மனைவி உடல்நலக் குறைவால் நேற்று காலமானார். இறுதிச் சடங்கு இன்று நடைபெறுகிறது."

செங்கோட்டை நிருபர் அனுப்பியிருப்பார். என் பெயர் இருக்கிறது. வேலை இருக்கிறது. ஊர் இருக்கிறது. ஆதாரம்.

கவிதாவுக்குப் போனில் வாசித்தேன்.

"அம்மா பேரு எங்கப்பா?"

"போடல."

"உங்க பேரு?"

"போட்டிருக்கான்."

வைத்துவிட்டாள்.

பிரிண்ட் எடுத்தேன். கொஞ்சம் மங்கல்.

ஜூன் 19, வியாழன்

பென்ஷன் அலுவலகம். மேசையிலிருந்த அலுவலர் அம்மா நிதானமாகப் படித்தார். "வருத்தமா இருக்கு சார்." பிறகு தாளின் அடி மூலையில் விரல் வைத்தார். பிரவுசர் தானாக அடித்த தேதி. 2015.

"செய்தி பதினேழுல வந்திருக்கு. பிரிண்ட் பதினஞ்சுல எடுத்திருக்கீங்க. அவங்க இறக்குறதுக்கு முன்னாடியே எப்படி சார்? ஆடிட்ல கேட்டா நான் என்ன சொல்ல?"

பிளக்-இன், கடிகாரம் எல்லாம் விளக்கினேன். பின்னால் நின்றவர் பக்கத்து ஆளிடம்: "பெருசு என்னமா கத விடுதாரு பாத்தியா."

தேதியே இல்லாமல் எடுத்துத் தரலாமா என்றேன்.

"பிரிண்ட் தேதி இல்லாம வாங்கக் கூடாது சார். செய்திக்கு அப்புறம் எந்தத் தேதின்னாலும் பரவால்ல."

மைதீனுக்குப் போன். "அட, ஆபீஸ்ல இதையெல்லாமா பாப்பாவ?" என்றார். சிரித்தார்.

ஜூன் 20, வெள்ளி

சாரல் விட்டிருக்கிறது. கொடுத்தாயிற்று. வாங்கிக்கொண்டார்கள்.

காலையில் மைதீனைக் கூப்பிடவில்லை, நானே உட்கார்ந்தேன். ஃபிளாஷ் 2020 வரை தாங்கும். நமக்கு அவ்வளவு வேண்டாம். கணினியில் 2015 ஜூன். அந்த ஜூனில் அவளுக்கு முட்டுவலி மட்டும்தான்.

காலண்டரில் அம்புக்குறியை மாதம் மாதமாக அழுத்தித்தான் முன்னால் போக முடிகிறது. 2016. பொங்கல், சீசன், தீபாவளி. 2017. ஆகஸ்டில் திருநெல்வேலி ஆஸ்பத்திரி. அக்டோபரில் வீட்டுக்கே கொண்டுபோகச் சொன்னார்கள். நவம்பரில் விரல் நின்றது.

பென்ஷன் அதற்கு அந்தப் பக்கம் இருக்கிறது.

அழுத்தினேன். டிசம்பர். இந்த முறை பிரிண்ட் தெளிவு.